எரவாடாவை அளந்த பெண்கள்

(புனேவாழ் தமிழர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எரவாடா என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது சிறைச்சாலை. 1932 செப்டம்பரில் காந்தி உண்ணாவிரதம் இருந்ததும், அம்பேத்கரும் மற்ற தலைவர்களும் புனே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் அங்கேதான். அந்த மதிலுக்கு வெளியே இன்னொரு எரவாடா இருக்கிறது. நேதாஜி நகர், மதர் தெரசா நகர், பாட் நகர், யஷ்வந்த் நகர் என்று நெருக்கியடித்துக் கிடக்கும் வஸ்திகள், அதாவது குடிசைப் பகுதிகள். கல்லுடைக்கும் தொழிலுக்குப் பெயர்போன வடார் சமூகத்தின் பெயரிலேயே ஒரு வஸ்தி. சுற்றிலும் விமான நிலையம், கல்யாணி நகரின் அடுக்குமாடிகள், ஐ.டி. வளாகங்கள். இங்கே அமர்ந்திருப்பவர்களில் சிலருக்கு அந்த வளாகங்களில்தான் வேலை. அங்கே தரை துடைப்பவர்களும் காவலுக்கு நிற்பவர்களும் பக்கத்துச் சந்துகளிலிருந்து நடந்தே வருகிறார்கள்.

அப்படி நடந்து வருகிற தூரத்தில் அவர்கள் இன்னும் எத்தனை காலம் குடியிருக்க முடியும்? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

ஏழைகளை ஓர் இடத்திலிருந்து கிளப்புவதற்கு புல்டோசர் ஒரு வழி. இந்த ஊர் அதை அண்மையிலும் கண்டது. 2019 செப்டம்பரில் ஆம்பில் ஓடை பெருக்கெடுத்து உயிர்களைக் கொண்டு போனது. அதன் பிறகு ஓடையை நேர்ப்படுத்தும் திட்டம் என்று மாநகராட்சி கிளம்பியது. 2021 ஜூனில், கொரோனா இன்னும் அடங்காத நேரத்தில், தாண்டேகர் பாலத்தை ஒட்டிய குடிசைகளை இடிக்க இயந்திரங்கள் வந்தன. பெண்கள் வழியை மறித்து நின்றார்கள். விவகாரம் நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் இடிப்பு நின்றது. ஓடைக்கரையில் குடியிருப்பது ஆபத்து என்பதை நான் மறுக்கவில்லை. அந்த ஆபத்தை முதலில் அறிந்தவர்களும், வெள்ளத்தில் பாத்திரம் பண்டங்களைப் பறிகொடுத்தவர்களும் அங்கே குடியிருப்பவர்களே. அவர்களை உட்கார வைத்துப் பேசாமல் எந்த ஓடைத் திட்டமும் போட முடியாது. எனக்கு இதில் இரண்டாம் கருத்தே கிடையாது.

இன்னொரு வழி சத்தமில்லாதது. மேலே இருந்து பார்த்தால் தருமம் போலவே தெரியும். குடிசை மறுவாழ்வு ஆணையம், நீங்கள் எல்லோரும் எஸ்.ஆர்.ஏ. என்று அறிந்தது, புனே, பிம்ப்ரி சிஞ்ச்வட் பகுதிகளுக்கு 2005இல் அமைக்கப்பட்டது. ஏற்பாடு இதுதான். வஸ்தியின் பெரும்பான்மைக் குடும்பங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டால் ஒரு பில்டர் அவர்களுக்கு இலவசமாக மாடிக் குடியிருப்பு கட்டித் தருவார். பதிலுக்கு, விற்றுக் கொள்ளக் கூடுதலாகக் கட்டிடம் எழுப்பும் உரிமை அவருக்குக் கிடைக்கும். அரசுக்குச் செலவில்லை, குடிசைவாசிக்குச் செலவில்லை. எல்லோருக்கும் லாபம் என்று காகிதம் சொல்கிறது.

காகிதத்தில் வராத கணக்கு ஒன்று உண்டு. பழைய வீட்டில் வாசற்படியை ஒட்டித் தையல் இயந்திரம் போட்டிருந்தவர் ஏழாவது மாடியில் வாடிக்கையாளருக்கு எங்கே போவார்? வடா பாவ் விற்கிறவர் தள்ளுவண்டியை இரவில் எங்கே நிறுத்துவார்? லிஃப்ட் பழுதுக்கும் மோட்டார் கரண்டுக்கும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் வருகிறதே, அதை எந்த வருமானத்திலிருந்து கொடுப்பார்கள்? இதையெல்லாம் தாங்கிக் கொள்கிறவர்களுக்காவது ஒரு கூரை மிஞ்சும். 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன்பிருந்தே குடியிருப்பதாகத் தாள் காட்ட முடியாதவர்கள் அந்த இலவச வீட்டின் பட்டியலிலேயே இல்லை. வாடகைக்கு இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் ஒன்றும் கிடைப்பதில்லை. இந்த ஊரில் வஸ்தி நிலத்தின் விலை ஏற ஏற, பட்டியலில் யார் பெயர் இருக்கிறது என்பதே வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கிற கேள்வியாகி விடுகிறது. ஆகவே அந்தப் பட்டியலை எழுதுவது யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்தக் கேள்வியை நம் நாட்டில் உரக்கக் கேட்டவர் ஒரு தமிழர். கோலார் தங்கவயலில் பிறந்து, 1960களில் பம்பாய்க்குப் பிழைக்க வந்த தச்சுத் தொழிலாளி. பெயர் ஜோக்கின் அற்புதம். மான்குர்த் பக்கம் ஜனதா காலனியில் குடியிருந்தார். அங்கே குப்பை அள்ள யாரும் வருவதில்லை. ஜோக்கின் காலனிக் குழந்தைகளைத் திரட்டி, ஆளுக்குக் கொஞ்சம் குப்பையைப் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்து, மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொண்டு போய்க் கொட்ட வைத்தார். அந்தக் காலனி பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் குடியிருப்புக்காக 1976இல், நெருக்கடி நிலை நடந்து கொண்டிருந்தபோது, முழுவதுமாக இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் சீட்டா கேம்ப்புக்கு அனுப்பப்பட்டார்கள். நீதிமன்றம், டெல்லி, ஊர்வலம் என்று அவர் பல ஆண்டுகள் போராடிப் பார்த்தும் காலனியைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்தத் தோல்வியிலிருந்து அவர் கற்றுக் கொண்ட பாடம் பெரியது. இடிக்க வந்த பிறகு எதிர்த்து நிற்பது ஒரு நாள் தாங்கும், இரண்டு நாள் தாங்கும். அதற்கு வெகு முன்பே, நாங்கள் இத்தனை பேர், இன்ன வேலை செய்கிறோம், இவ்வளவு சேமித்து வைத்திருக்கிறோம், இந்த இடத்தில் எங்கள் வீடு இப்படி அமையலாம் என்று சொல்லக்கூடிய தாள் மக்கள் கையில் இருக்க வேண்டும். அவர் கட்டிய தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு, ஷீலா படேலும் தோழர்களும் 1984இல் தொடங்கிய ஸ்பார்க் தொண்டு நிறுவனம், பைகுல்லா நடைபாதைவாசிப் பெண்கள் 1986இல் அமைத்த மகிளா மிலன் ஆகிய மூன்றும் இந்த எண்ணத்தில்தான் கைகோத்தன. 2000இல் அவருக்கு மகசேசே விருது வந்தது, 2011இல் பத்மஸ்ரீ. 2018இல் காலமானார். தமிழ்நாட்டுப் பள்ளிப் புத்தகம் எதிலாவது அவர் பெயர் வர வேண்டும் என்று எனக்கு ஆசை.

முதல் பெரிய கணக்கெடுப்பு 1985இல் நடந்தது. பம்பாய் நடைபாதைவாசிகளை அகற்றலாமா என்ற வழக்கு, ஓல்கா டெல்லிஸ் வழக்கு, அந்த ஆண்டு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புக்கு வந்தது. வாழ்வுரிமைக்குள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று நீதிமன்றம் ஏற்றுக் கொண்டது. ஆனால் உரிய அறிவிப்புக் கொடுத்து அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. புல்டோசர் வரும் என்று எல்லோரும் நடுங்கிக் கொண்டிருந்த அந்த நேரத்தில் ஸ்பார்க் அமைப்பினர் ஏறத்தாழ 6,000 நடைபாதைக் குடும்பங்களைத் தேடித் தேடிக் கணக்கெடுத்தார்கள். அதுவரை எந்தக் கணக்கிலும் இல்லாதவர்கள் அவர்கள். ரயிலுக்கும் பேருந்துக்கும் கொடுக்கக் காசில்லாததால் வேலைக்கு நடந்தே போகிற தூரத்தில் படுத்துறங்குகிறார்கள் என்பதை அந்தத் தாள்கள் ஊருக்குச் சொல்லின.

பிறகு அந்த நடைபாதைக் குடும்பங்களின் பெண்களே வீட்டை வடிவமைக்க உட்கார்ந்தார்கள். அடி, மீட்டர் கணக்கு அவர்களில் பலருக்குப் பழக்கமில்லை. புடவையை அளவுகோலாக்கினார்கள். மரச்சட்டமும் துணியும் கொண்டு உண்மையான அளவிலேயே மாதிரி வீட்டை நிறுத்தினார்கள். உள்ளே போய் நின்று பார்த்தார்கள். அடுப்பு இங்கே, படுக்கை இங்கே. தரைப்பரப்பைக் கூட்ட முடியாது என்றால் உயரத்தைக் கூட்டிப் பரண் போடலாமே என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். பதினான்கு அடி உயரமும் உள்ளே பரணும் என்ற அந்த வடிவம் பொறியாளர் மேசையில் பிறந்ததல்ல.

இந்த வழி புனேக்கு முதலில் வந்தது கழிப்பறை மூலமாக. கேட்கச் சின்ன விஷயமாகத் தோன்றும். 1999இல் ஆணையர் ரத்னாகர் கெய்க்வாட் மாநகராட்சியின் வழக்கமான ஒப்பந்தக்காரர்களை விட்டுவிட்டுத் தொண்டு நிறுவனங்களிடம் சமூகக் கழிப்பறைகளைக் கட்டவும் பராமரிக்கவும் கொடுத்தார். வாரந்தோறும் எல்லோரையும் ஒரே மேசையில் கூட்டி வேலை எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டார். 2001க்குள் 400க்கும் மேற்பட்ட கழிப்பறைக் கட்டிடங்கள், 10,000க்கும் மேற்பட்ட இருக்கைகள் எழுந்தன. ஸ்பார்க்கும் மகிளா மிலனும் எடுத்த இடங்களில் பெண்களே ஒப்பந்தக்காரர்களாக நின்று சிமெண்ட் வாங்கினார்கள், கொத்தனாருக்குக் கூலி பேசினார்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வரிசை, குழந்தைகளுக்கென்று சிறிய இருக்கைகள், பராமரிப்பாளர் குடும்பத்துக்கு அங்கேயே ஓர் அறை. ஒரு குடும்பத்துக்கு மாதம் 20 ரூபாய் பாஸ். மாநகராட்சிக்குப் பில் எழுதிப் பணம் வாங்கத் தெரிந்த பெண்களின் ஒரு தலைமுறையே அந்த வேலையில் உருவானது.

அந்தக் கைகளுக்குத்தான் எரவாடா வந்தது. 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவஹர்லால் நேரு நகர்ப்புற இயக்கத்தில் நகர்ப்புற ஏழைகளுக்கான அடிப்படை வசதித் திட்டம் ஒன்று இருந்தது. அதன் கீழ் புனே மாநகராட்சி இரண்டு வழிகளில் போனது. ஆற்றங்கரையிலும் மலைச்சரிவிலும் இருந்தவர்களுக்கு வார்ஜேயிலும் ஹடப்சரிலும் அடுக்குமாடிகள் கட்டி அங்கே அனுப்புவது ஒன்று. எரவாடா போன்ற இடங்களில் இருக்கிற இடத்திலேயே வீட்டைக் கட்டிக் கொடுப்பது மற்றொன்று. ஒரே திட்டம், ஒரே ஊர், ஒரே கஜானா. முதல் வழியில் கட்டிடம் முதலில் வந்தது, மனிதர்கள் பிறகு வந்தார்கள். இரண்டாவதில் மனிதர்களை எண்ணிய பிறகுதான் அஸ்திவாரக் குழியே தோண்டினார்கள்.

எரவாடாவில் மகிளா மிலன் பெண்கள் ஒவ்வொரு சந்திலும் இறங்கி, வீடு வீடாக அளவுநாடா பிடித்தார்கள். எந்த வீடு தகரமும் தார்ப்பாயும், எது செங்கல், எந்தச் சுவர் இரண்டு வீட்டுக்கும் பொது, யார் வீட்டு வாசலில் தண்ணீர்க் குழாய், எல்லாவற்றையும் வரைபடத்தில் ஏற்றினார்கள். அந்தச் சந்துகளில் எதிர் எதிர் வீட்டுக்காரர்கள் கையை நீட்டினால் தொட்டுக் கொள்ளலாம். வெளியாள் ஒருவர் அங்கே போய், உங்கள் சுவரில் நான்கு அங்குலம் பக்கத்து வீட்டுக்காரருடையது என்று சொன்னால் அடிதடியாகி விடும். பக்கத்துச் சந்துப் பெண் சொன்னால் சண்டையோடு முடியும், மறுநாள் பேசித் தீர்க்கலாம். பங்கேற்புத் திட்டமிடல் என்று கருத்தரங்குகளில் சொல்கிறோமே, அதில் பெரும்பகுதி இந்த நான்கு அங்குலப் பேச்சுவார்த்தைதான்.

வீட்டின் பரப்பு 270 சதுர அடி. தகரக் கொட்டகைகள் மட்டும் பிரிக்கப்பட்டன. செங்கல் வீடுகளைத் தொடவில்லை. ஒரு குடும்பத்தின் மனை 270 சதுர அடிக்குக் குறைவென்றால் மாடி எடுத்துக் கணக்கைச் சரிக்கட்டினார்கள். பிலிப்பே பலெஸ்ட்ரா, சாரா யோரான்சன் என்ற இரண்டு இளம் கட்டிடக் கலைஞர்கள் 2009 வாக்கில் இங்கே வந்து மக்களோடு உட்கார்ந்து மூன்று மாதிரிகள் வரைந்தார்கள். ஒன்று, மேலே இன்னொரு தளம் பின்னால் எழுப்பிக் கொள்ளத் தாங்கும் இரண்டு மாடி வீடு. மற்றொன்று, தரைத்தளத்தைத் தூண்களோடு திறந்து விட்டு வண்டி நிறுத்தவோ கடை போடவோ இடம் வைத்தது. மூன்றாவது, நடுத்தளத்தைக் காலியாக விட்டு, தொழில் செய்யவோ பின்னால் அறையாக்கிக் கொள்ளவோ ஏற்றது. புனே கட்டிடக் கலைஞர் பிரசன்ன தேசாய் அந்த எண்ணங்களைச் சந்து சந்தாக நடைமுறைக்குக் கொண்டு வந்தார். ஒரு வீட்டுக்கு 3 லட்சம் ரூபாய் என்று கணக்கு. பாதி மத்திய அரசு, 30 சதவீதம் மாநில அரசு, மீதியை மாநகராட்சியும் குடும்பமும் பகிர்ந்து கொண்டன. குடும்பத்தின் பங்கு ஏறத்தாழ பத்தில் ஒன்று.

அந்தப் பத்தில் ஒரு பங்குதான் முக்கியம் என்பேன். அதை மகிளா மிலனின் சேமிப்புக் குழுக்களிலேயே பல பெண்கள் சேர்த்தார்கள். நம் ஊர்ப் பெண்களின் ஏலச்சீட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தினமும் ஒருவர் வாசல் வாசலாக வந்து, இன்று இருப்பதைக் கொடு என்று கேட்டு வாங்கிக் குறித்துக் கொண்டு போவார். ஐந்து ரூபாயும் வரும், வெறுங்கையும் வரும். அந்த நடையில் யார் வீட்டில் வேலை போனது, யார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்பதும் தெரிந்து விடும். ஒரு குடும்பம் அவசரப்பட்டு வீட்டை விற்றுவிட்டு ஓடுவதைத் தடுப்பதும் அந்தச் சேமிப்பிலிருந்து கிடைக்கும் கைமாற்றுப் பணமே.

இனி குறைகளைச் சொல்ல வேண்டும். செங்கல் வீடுகளைத் தொடாததால், தகர வீடுகள் நடுநடுவே மட்டும் மாறின. சந்துகளை அகலப்படுத்தவோ நடுவில் ஒரு முற்றம் விடவோ வரைபடத்தில் போட்ட திட்டமெல்லாம் பெரும்பாலும் அப்படியே நின்று போயிற்று. பணம் தவணை தவணையாக, கட்டியதைப் பார்த்த பிறகுதான் வந்தது. கட்டிடம் எழும்பும் மாதங்களில் குடும்பங்கள் தங்கள் செலவில் வேறிடத்தில் தங்கின. வாடகைக்கு இருந்தவர்களுக்கு இந்தத் திட்டத்திலும் பதில் இல்லை. எல்லாவற்றையும் விடப் பெரிய குறை: வீடு கிடைத்தது, நிலத்தின் மீது உரிமை வரவில்லை.

இது ஏன் பெரிய குறை? 2015 ஜூனில் பிரதமர் வீட்டுவசதித் திட்டம் வந்தது. தன் மனையில் தானே கட்டிக் கொள்கிறவருக்கு அதில் உதவி இருந்தது, ஆனால் நிலம் அவர் பெயரில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. நிலம் பெயரில் இல்லாத வஸ்திக்கு வைத்திருந்த முக்கிய வழி, நிலத்தையே மூலதனமாக்கித் தனியார் கட்டுநருடன் சேர்ந்து மறுபடி கட்டுவது. சுற்றி வந்து பழைய வாசலுக்கே வந்து சேர்கிறோம். எத்தனை அழகாக வீடு கட்டினாலும், அடியில் உள்ள மண் யாருடையது என்று எழுதாவிட்டால், அந்த வீட்டை அடுத்த பில்டர் வெறும் மனையாகத்தான் பார்ப்பார்.

தனித்தனிப் பட்டா கொடுத்து விட்டால் போதாதா என்று கேட்பீர்கள். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் 150 சதுர அடி பட்டா வைத்திருக்கிற ஒரு விதவைத் தாய்க்கு, மகள் கல்யாணச் செலவு நேரத்தில் ஒருவர் ரொக்கத்தோடு வந்து நின்றால் அவர் விற்காமல் இருப்பாரா? விற்பதற்கு அவருக்கு உரிமை உண்டு. ஆனால் பத்துப் பேர் விற்றால் சந்தே போய்விடும். ஒடிசா இதற்கு ஒரு வழி கண்டது. 2017இல் சட்டம் போட்டு, குடிசைவாசிகளுக்கு நில உரிமைச் சான்று கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கு வரும், வங்கியில் அடமானம் வைக்கலாம், விற்க முடியாது. புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் மார்ட்டின் பேன்யா கால்வாய்க்கரை மக்கள் இன்னும் ஒரு படி போனார்கள். கால்வாயைத் தூர் வாரிச் சுத்தம் செய்தால் நில விலை ஏறும், விலை ஏறினால் தாங்கள் வெளியே போவோம் என்று முன்கூட்டியே கணித்தார்கள். 2004இல் வந்த சட்டத்தின் துணையோடு ஏறத்தாழ 200 ஏக்கர் நிலத்தை ஒரு சமூக அறக்கட்டளையின் பெயரில் வைத்தார்கள். வீடு குடும்பத்துக்கு, மண் எல்லோருக்கும்.

மகாராஷ்டிராவுக்கு இது அந்நியமான யோசனையே அல்ல. நீங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டுகள் பெரும்பாலும் 1960ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் ஒரு சொசைட்டிதானே? செயலாளர் யார், பராமரிப்புப் பாக்கி யாருடையது என்று ஞாயிற்றுக்கிழமை கூடிச் சண்டை போடுகிறீர்களே, அதே சொசைட்டியை வஸ்திக்காரர்களும் வைத்துக் கொள்ளலாம். கட்டிடம் எழும்புவதற்கு முன்பே நிலத்தை அந்தச் சங்கத்தின் பெயரில் நீண்ட காலக் குத்தகைக்கு எழுதித் தர வேண்டும். பில்டர் வந்தாலும் சங்கத்தோடுதான் பேச முடியும். ஒரு குடும்பம் போக விரும்பினால் வீட்டைச் சங்கத்துக்கு விற்கட்டும், சங்கம் அதை அதே சந்தில் வாடகைக்கு இருக்கிறவருக்குக் கொடுக்கட்டும். வாடகைக்காரர்களுக்கு நான் காண்கிற ஒரே கதவு அதுதான்.

தமிழ்நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் மனம் கேட்காது. 1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தபோது, குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு என்பதே கொள்கையாக இருந்தது. 1977 முதல் உலக வங்கி உதவியில் அரும்பாக்கம், வில்லிவாக்கம் பக்கம் மனைகள் கொடுத்தார்கள். மக்கள் தாங்களே மெல்ல மெல்லக் கட்டிக் கொண்டார்கள். இன்று அந்தப் பகுதிகளைப் பார்த்தால் ஏழைக்கென்று ஒதுக்கியது என்று சொல்லவே முடியாது. அப்படிப்பட்ட சென்னைதான் 2000க்குப் பிறகு கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் மக்களை லாரியில் ஏற்றியது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரையிலிருந்து குடும்பங்கள் படிப்பு நடக்கும் ஆண்டின் நடுவிலேயே அனுப்பப்பட்டன. வீட்டுவேலைக்கு நடந்து போன பெண்கள் இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியதாயிற்று. அந்த அனுபவம் நமக்குச் சொந்தமானது என்பதால்தான் புனேயில் நடப்பது நமக்குக் கூடுதலாக வலிக்க வேண்டும்.

இப்போது புனேயில் நடப்பதற்கு வருகிறேன். 2024இல் மெட்ரோ ராம்வாடி வரை வந்தது. எரவாடாவுக்கும் கல்யாணி நகருக்கும் நிலையங்கள் உண்டு. மெட்ரோ நிலையத்திலிருந்து 500 மீட்டர் சுற்றளவுக்குள் மனைப்பரப்பைப் போல நான்கு மடங்கு வரை கட்டிடம் எழுப்ப விதிகள் இடம் கொடுக்கின்றன. மெட்ரோவை நான் மனமார வரவேற்கிறேன். எரவாடா மக்களும் அதில் ஏறிப் போக வேண்டும். ஆனால் அந்த வட்டத்துக்குள் விழும் ஒவ்வொரு வஸ்தியின் கதவையும் யாராவது சீக்கிரம் சம்மதத் தாளோடு தட்டுவார்கள்.

மாநகராட்சியின் வரவு செலவில் குடிமக்கள் தங்கள் வார்டுக்கு வேலை கேட்டு எழுத 2006 முதல் இந்த ஊரில் வழி இருக்கிறது. நாம் பெரும்பாலும் நடைபாதையும் தெருவிளக்கும் கேட்கிறோம். வஸ்தி கணக்கெடுப்புக்கும் வரைபடத்துக்கும் அந்த வழியில் பணம் கேட்கலாம். பிரதிமா ஜோஷியின் ஷெல்டர் அசோசியேட்ஸ் 1990கள் முதல் புனே குடிசைப் பகுதிகளைக் கணினி வரைபடமாக்கி வருகிறது. மகிளா மிலன் பெண்கள் இருக்கிறார்கள். சந்துகளை அறிந்தவர்களும் வரைபடம் போடத் தெரிந்தவர்களும் ஏற்கெனவே இந்த ஊரில் உண்டு. குறைவது துணைக்கு நிற்கும் படித்த கைகள். சாத்-பாரா உதாரா, பிராப்பர்ட்டி கார்டு போன்ற நிலப் பதிவுகளைப் படிக்கத் தெரிந்தவர், குடிசைவாசிகளுக்கான ஃபோட்டோ பாஸ் அட்டையில் பெயர்ப் பிழை இருந்தால் மனு எழுதித் தருகிறவர், ரயில்வேயிலோ ராணுவக் கணக்குத் துறையிலோ ஓய்வு பெற்று, ஒரு சேமிப்புக் குழுவின் பேரேட்டை மாதம் ஒரு முறை சரிபார்க்கத் தயாராக இருப்பவர். இந்த அரங்கில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன்.

எரவாடா நிலையத்தை நடுவில் வைத்து 500 மீட்டர் வட்டம் போட்டு, அதற்குள் எந்தெந்தச் சந்து வருகிறது, அவற்றில் எதற்கு இன்னும் கணக்கெடுப்பு இல்லை என்று குறிப்பதுதான் முதல் வேலை. கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். வரக்கூடியவர்கள் பெயரையும், எந்த ஞாயிற்றுக்கிழமை வசதி என்பதையும் அதில் எழுதிவிட்டுப் போங்கள்.